சீசும் தோரணமும்: ஜப்பான்காரனுக்கு ரப்பர் படம் வரைந்த கதை

கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, "இது இப்படித்தான் இருக்கும்" என்று அடித்துச் சொல்லிப் படம் வரைந்து பிழைக்கிற தொழில் உலகத்தில் இரண்டுதான்: ஒன்று சாமி படம் வரைவது, மற்றது கெமிஸ்ட்ரிப் படம் வரைவது. சாமி படக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தப்பாக வரைந்தால் சாமி இறங்கி வந்து கேட்காது. என் தலைக்கு மேல் ஜப்பான்காரன் இருந்தான்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படித்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே உறைக்கும். சிஸ் என்று ஒன்று, டிரான்ஸ் என்று ஒன்று. அதே கார்பன், அதே ஹைட்ரஜன், எண்ணிக்கையில் கூடுதல் குறைச்சல் கிடையாது. கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பதில்தான் சமாச்சாரம். இரண்டு கையும் ஒரே பக்கம் என்றால் சிஸ். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் டிரான்ஸ். பரீட்சைத் தாளில் அந்தக் கையை மாற்றிப் போட்டு மார்க்கைத் தொலைத்த சகோதர சகோதரிகளே, நீங்கள் தொலைத்தது மார்க்கை மட்டும்தான் என்று சந்தோஷப்படுங்கள்.

ஐந்து கைக் கார்பன்

மலாயாவில் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் அப்பா டிரெஸ்ஸராக இருந்தார். நான் சிங்கப்பூரில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரனோடு சண்டை வந்தது, படிப்பு பாதியில் நின்றது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தால், தோட்டத்தில் வெள்ளைக்கார துரை இல்லை. அவருடைய நாய் மட்டும் பங்களா வாசலில் உட்கார்ந்து யாருக்கு வாலாட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் அதே நிலைமைதான்.

துரை விட்டுப்போன ஆய்வுக்கூடம் ஒன்று, ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பர் பால் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பதற்காகக் கட்டிய ஒற்றை அறை. அதை ஒகாவா என்ற ஜப்பானியர் எடுத்துக்கொண்டார். பட்டாளத்துக்காரர் அல்ல, ரசாயனம் படித்தவர். ஒல்லி, கண்ணாடி, காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. ரப்பரிலிருந்து பெட்ரோல் எடு, எண்ணெய் எடு, எதையாவது எடு என்று மேலிடம் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு விளக்கப் படம் வரைய ஆள் தேவைப்பட்டது. கெமிஸ்ட்ரி படித்தவன் ஒருவன் மரவள்ளிக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று கங்காணி போய்ச் சொல்லிவிட்டார்.

ஒகாவா என்னைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி, சாக்கட்டியைக் கையில் கொடுத்து, "ரப்பர்" என்றார். வரைந்தேன். வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றதால் என் கண் அவன் மேலேயே இருந்தது. ஒரு கார்பனுக்கு நாலு கோடு போட வேண்டிய இடத்தில் ஐந்து போட்டுவிட்டேன். ஒகாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து எண்ணினார். அவர் பேசியது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன்.

"இந்தக் கார்பனுக்கு ஒரு கை அதிகம். பரவாயில்லை, சண்டைக் காலம், வேலைக்குக் கை பற்றாமல்தான் இருக்கிறது. நாளைக்கு வா."

மாரியாயி அக்காவின் மாமியார்

ஒகாவாவுக்கு "சிஸ்" என்று நாக்கு வராது. "ஷிஸு" என்பார். டிரான்ஸ் அவர் வாயில் "தொரான்ஸு". ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்த மாரியாயி அக்கா அதைக் கேட்டுக் கேட்டு, "சீசு", "தோரணம்" என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. கொஞ்ச நாளில் நானும் தோரணம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாரியாயி அக்கா அதற்கு முன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. ஒருநாள் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னா தம்பி இது, குச்சி குச்சியா?"

"இது ரெண்டும் கார்பன் அக்கா. நடுவுல ரெட்டைக்கோடு இருக்கு பாருங்க. ரெண்டு பலகைய ஒரே ஆணியில அடிச்சா சுத்தும். ரெண்டு ஆணி அடிச்சிட்டா சுத்துமா?"

"சுத்தாது."

"அதான். கை எந்தப் பக்கம் மாட்டிக்கிச்சோ, அந்தப் பக்கந்தான். ஒரே பக்கம்னா சிஸ், நம்ம ரப்பர். இழுத்தா நீளும். எதிர்ப் பக்கம்னா டிரான்ஸ், காட்டு மரத்துல எடுக்கிற கெத்தா தாபான். கட்டை மாதிரி இருக்கும், இழுத்தா வராது."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். சந்தேகம் கேட்கப் போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

"அப்போ நானும் எங்க மாமியாளும் சீசுதான் தம்பி. ஒரே லயத்து வீடு, ஒரே அடுப்பு, ஒரே பக்கம். சண்டை இழுக்க இழுக்க நீளுதே தவிர, அறுந்து தொலைய மாட்டேங்குதுலா!"

தலைகீழாக மாட்டிய படம்

வட்டாரத்துப் பட்டாளத்துக்கு ஒரு கேப்டன் இருந்தார். குள்ளம். இடுப்பில் தொங்கும் வாள் அவரைவிட இரண்டு அங்குலம்தான் குட்டை. அவர் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வருகிறார் என்றதும், ஒகாவா என்னைப் பெரிய படமாக வரையச் சொன்னார். பழைய தோட்ட வரைபடத்தின் பின்பக்கத்தில், ரப்பர் சங்கிலியை இரண்டு முழத்துக்கு வரைந்தேன். அதைச் சுவரில் மாட்டியவர் சின்னராசு அண்ணன். அடுப்பு எரிப்பது அவர் வேலை. மரத்தில் கத்தி போட்டால் நூல் பிடித்த மாதிரி போடுவார். எழுத்து மட்டும் தெரியாது. படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார். H தலைகீழாகவும் H தான். C மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கேப்டன் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. "யார் மாட்டியது?" என்று மலாயில் கத்தினார். சின்னராசு அண்ணன் முகம் வெளுத்துப்போனது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சாமா ஜுகா, துவான்! எப்படி மாட்டினாலும் ஒன்றுதான்!" என்று கத்திவிட்டேன். அது பொய்யில்லை. இரண்டு கையும் கீழே தொங்கும் படத்தைத் திருப்பினால், இரண்டு கையும் மேலே போகும். ஒரே பக்கம் ஒரே பக்கம்தான். ஆனால் கேட்காமல் பேசியது குற்றம். பளார் பளார் என்று இரண்டு அறை விழுந்தது. இரண்டும் இடது கன்னத்தில். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அது சிஸ்.

பிறகு ஒகாவா பதமாக ஜப்பானிய மொழியில் விளக்கினார். கேப்டனுக்கு நம்பிக்கை வரவில்லை. படத்தைக் கழற்றச் சொல்லி நேராகப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் படத்தை நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தானே குனிந்து கால் இடுக்கு வழியாகவும் பார்த்தார். வாள் தரையில் டங்கென்று இடித்தது. சிரிப்பை அடக்க மாரியாயி அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கேப்டன் முகம் சிவந்திருந்தது. ஆனால் திருப்தியாக இருந்தார்.

"தலைகீழாக நிறுத்தினாலும் குணம் மாறவில்லை. என் சிப்பாய்களைவிட இது உருப்படி."

ஒரு கோடுதானே

அந்தத் திருப்திதான் எங்களுக்கு வினையாக வந்தது. அடுத்த தடவை வந்தபோது கேப்டன் கெத்தா தாபானைப் பற்றிக் கேட்டார். தந்திக் கம்பிக்கு உறை போட அது வேண்டும். காட்டில் மரம் அருகிவிட்டது; பாலிங் பக்கம் போன ஆட்கள் கைப்பிடி அளவுதான் கொண்டுவந்தார்கள். ரப்பரோ கேட்க நாதியில்லாமல் குவிந்து கிடந்தது. ஒகாவா என்னை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லி, வித்தியாசத்தை விளக்கினார். படித்தவர் செய்யக்கூடாத வேலை அது. விளக்கம் கேட்பவனுக்குப் புரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை.

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. பலகைக்குப் போனார். ரப்பர் படத்தில் கீழே தொங்கிய ஒரு கையைக் கட்டைவிரலால் அழித்தார். சாக்கட்டியை எடுத்து அதையே மேலே போட்டார். தள்ளி நின்று பார்த்தார். சுத்தமான டிரான்ஸ். நான்கூட அவ்வளவு நேராகப் போட்டிருக்க மாட்டேன்.

"பலகையில் ஆகும், துவான். சட்டியில் ஆகாது," என்றார் ஒகாவா. கேப்டன் காதில் அது ஏறவில்லை. செய்ய முடியாவிட்டால் இந்த அறையில் இருக்கிற எல்லோரும் சயாம் ரயில் பாதைக்குப் போகலாம், அங்கே கட்டை போட ஆள் தேவை என்றார். அப்போதே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கேப்டன் கையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உங்களுக்கு ஒரு மாதம் தருகிறேன்."

அழுகிய முட்டை

அந்த மாதம் நாங்கள் ரப்பரைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. வேகவைத்தோம், அமிலம் ஊற்றினோம், வெயிலில் போட்டோம், இரண்டு மரப்பலகைக்கு நடுவில் வைத்து நசுக்கினோம். கூழாகியது, கருகியது, எண்ணெயாக ஒழுகியது. கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒகாவா சாப்பாட்டை விட்டுவிட்டார். "இரண்டு ஆணி," என்று தனக்குள் முணுமுணுப்பார். நான் மாரியாயி அக்காவுக்குச் சொன்ன உதாரணம் அவருக்கும் பிடித்துவிட்டது.

கடைசியில் கண்ணில் பட்டது கந்தகம். மரத்தில் இலை நோய்க்குத் தூவ வெள்ளைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தார்கள். ரப்பரில் கந்தகம் கொஞ்சம் போட்டால் டயர். நிறையப் போட்டு நாள் முழுக்கச் சூடாக்கினால் எபோனைட். பேனா செய்வார்களே, அந்தக் கறுப்புக் கட்டை. மின்சாரம் பாயாது, கல் மாதிரி கெட்டி. சின்னராசு அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். கிளம்பின நாற்றம் இருக்கிறதே! அழுகிய முட்டையை ஒரு லாரி நிறையக் கொட்டினது போல ஆட்கள் குடியிருந்த லயம் வரைக்கும் அடித்தது. கங்காணி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சத்தம் போட்டார். எல்லா வாசலிலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மாரியாயி அக்காதான் சந்தோஷமாக வந்தார்.

"நம்ம ஜப்பானை இன்னும் நாலு நாளைக்கு இதையே காய்ச்சச் சொல்லு தம்பி. எங்க மாமியா மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு மவ வீட்டுக்குப் போயிருச்சு."

ஒகாவா சொன்ன உண்மை

எபோனைட் கட்டை தயாரானது. ஆனால் அது கெத்தா தாபான் இல்லை. "படத்தில் தோரணம் என்று போட்டுவிடலாம், கேப்டனுக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன். ஒகாவா என்னை முறைத்த முறைப்பில், கேப்டன் கொடுத்த இரண்டு அறையே தேவலை என்று ஆகிவிட்டது. தப்பான படத்துக்குக் கீழே தன் பெயர் வராது என்றார். சின்னராசு அண்ணன் ஓரமாக உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் மூன்றும் பெண் பிள்ளைகள். நாங்கள் எந்த மொழியில் என்ன பேசினோம் என்பது அவருக்குத் தெரியாது. எதைப் பற்றிப் பேசினோம் என்பது தெரியும்.

கேப்டன் வந்தார். கட்டையை எடுத்து மேசையில் தட்டினார். டொக் டொக். கம்பியை வைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். பாயவில்லை. அவர் ஒகாவா பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அதில் "தொரான்ஸு" என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. ஒகாவா நிமிர்ந்து நின்று நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார். கேப்டன் தலையை ஆட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டிவிட்டு, கட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

வண்டி மறைந்ததும், "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். ஒகாவா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"இதில் இரண்டு கையும் இனிமேல் ஒரே பக்கத்தில் இல்லை என்று சொன்னேன். பொய் இல்லையே? கந்தகம் உள்ளே போனதும் ரெட்டைக்கோடே போய்விட்டது. கோடு இல்லை, பக்கமும் இல்லை. அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை."

போலீஸ்காரன் கை

கேப்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நிறையச் செய் என்றார். உடனே ஒகாவா, அப்படியானால் ஆள் வேண்டும், ஒவ்வொரு சட்டிக்கும் தனித்தனிப் படம் போட வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற வரைபடக்காரர்கள் தேவை என்று கேட்டார். சட்டிக்குப் படம் எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்கள் தோட்டத்துக்கும் லாரி வரப்போகிறது என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்து ஆட்களை ஏற்ற மாட்டார்கள்.

ஆக, கத்தியைத் தவிர எதையும் பிடித்தறியாத பால்வெட்டு ஆட்களுக்கு நான் சிஸ்ஸும் டிரான்ஸும் சொல்லிக் கொடுத்தேன். என் சிங்கப்பூர் வாத்தியார்கள் என்னிடம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அப்போது தெரிந்தது. ஒருவர் கார்பனை அழகாக வரைந்து பொட்டு வைத்தார். இன்னொருவர் ரெட்டைக்கோட்டைத் தண்டவாளம் என்று நினைத்துக் குறுக்கே கட்டை போட்டார். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு கணம் சிரிப்பு நின்றுபோனது. சின்னராசு அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். கோவிலில் கும்பிடும்போது ரெண்டு கையும் மேலே போகும், அது சீசு. கூலிம் முச்சந்தியில் போலீஸ்காரன் ஒரு கையை மேலே தூக்கி ஒரு கையைக் கீழே நீட்டுவான், அது தோரணம். அதற்குப் பிறகு யாரும் தப்பாக வரையவில்லை.

சோதனைக்குக் கேப்டனே வந்தார். வரிசையில் பார்த்து, சின்னராசு அண்ணனை நோக்கி விரலை நீட்டி, "தொரான்ஸு!" என்றார். அண்ணனுக்கு எல்லாம் மறந்துபோனது. அப்படியே விறைத்து நின்றார். பிறகு மெதுவாக வலது கையை மேலே தூக்கினார். இடது கையைக் கீழே நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அண்ணன் பலகையில் சுத்தமாக ஒரு டிரான்ஸ் வரைந்து முடித்திருந்தார். கேப்டன் பூரித்துப்போனார். காலையில் எல்லோரையும் கட்டாயமாகச் செய்ய வைக்கும் தேகப்பயிற்சியை இவன் வேலை நேரத்திலும் மறக்கவில்லை என்று நினைத்துவிட்டார். அந்த அறையில் நின்ற எல்லோருக்கும், ஆய்வுக்கூடத்து ஆள் என்று கையில் கட்டும் அடையாளத் துணி கிடைத்தது. கேப்டன் போன பிறகு, தூக்கின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அண்ணன்.

"கையத் தூக்கினேன் தம்பி, அதுக்கப்புறம் என்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. போலீஸ்காரன்தான் வரைஞ்சிருப்பான்."

பூசாரியின் தகடு

இப்படி ஒரு காரியம் நடந்தால் ஊரில் கதை கிளம்பாமல் இருக்குமா? "டிரெஸ்ஸர் மகன் ஒரு படம் போடுறானாம், அது இருக்கிற வீட்டுக்குள்ள ஜப்பான்காரன் காலெடுத்து வைக்க மாட்டானாம்" என்று சுங்கை பட்டாணி வரைக்கும் பரவிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோவில் பூசாரி ஒருநாள் செப்புத் தகட்டோடு வந்து நின்றார். சீசு வேண்டுமாம், நாலு மூலைக்கும் ஒன்று.

"சாமி, இது ரப்பரோட படம். மந்திரம் இல்ல," என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்கூட. அவர் அசையவில்லை. அம்மன் சன்னிதியில் போய் ரப்பரை வைக்கலாமா, உங்களுக்கே வெட்கமாக இல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் தகட்டை என் மேசையில் வைத்து, ஆணியையும் பக்கத்தில் வைத்தார்.

"எங்க தகட்டுலயும் கோடுதான் தம்பி, உங்க பலகையிலயும் கோடுதான். எங்க கோடு போட்ட வீட்டுல ரெண்டு பேரை ஏத்திட்டுப் போயிட்டான், உங்க கோடு போட்ட இடத்துல ஒருத்தரையும் தொடலை. இதுல வெட்கம் எனக்கு எதுக்கு, அம்மனுக்குல்ல இருக்கணும்?"

வீராசாமி

எல்லாம் சிரிப்பாகவே முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வீராசாமி என்று ஒருவர் இருந்தார். கல்யாணம் ஆகாதவர், தப்பு மேளம் அடிப்பதில் கெட்டிக்காரர். எந்த வீட்டு விசேஷமும் அவர் இல்லாமல் நடக்காது. ஒகாவா கேட்டு வாங்கிய இடங்களில் கடைசி இடம் அவருக்கு என்று பேசியிருந்தோம். பயிற்சி தொடங்கியதும் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தார். சாக்கட்டி அவர் விரலுக்குப் பொடிப்பொடியாக உடைந்தது. மூன்றாம் நாள் தன் இடத்தில் எல்லப்பன் என்ற புது மாப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். எல்லப்பன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம்.

நான் விடவில்லை. லயத்துக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் ஒரு வாரம் இருந்தால் வந்துவிடும், நானே பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து வரைய வைக்கிறேன், இன்னொரு இடம் கேட்கலாம் என்றேன். ஒகாவாவும் கேட்டுப் பார்த்தார். கேப்டன் தரவில்லை. லாரி வந்த அன்று வீராசாமி தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். ரயில் பாதைக்குத் தப்பு எதற்கு என்று கங்காணி கேட்டதற்கு, அங்கேயும் ஆட்கள்தானே இருப்பார்கள் என்றாராம். சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய சிலர் வந்தார்கள், எலும்பும் தோலுமாக. அவர்களில் வீராசாமி இல்லை. அவர் கடைசியாக என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன்.

"எனக்கு இந்தக் கோடெல்லாம் ஒட்டாது தம்பி. எல்லப்பனுக்கு நல்லா வருது பாரு, அவனுக்குச் சொல்லிக்குடு."

சுண்ணாம்பு

ஜப்பான்காரன் சரணடைந்தான். ஒகாவாவை மற்ற ஜப்பானியர்களோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்து நன்றாகக் குனிந்தார், நானும் குனிந்தேன். இடுப்பு பழகிப்போயிருந்தது. கொஞ்ச நாளில் புது வெள்ளைக்கார மானேஜர் வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் லயத்துச் சுவர்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். சாக்கட்டி தட்டுப்பாட்டால், ஆட்கள் வீட்டில் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில்தான் எழுதிப் பழகியிருந்தார்கள். கதவுக்கு மேலே, சன்னலுக்குக் கீழே, ஆட்டுக்கொட்டகையில்கூட சிஸ்ஸும் டிரான்ஸும். மானேஜர் அதைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் ரகசியக் குறி என்று முடிவு கட்டிவிட்டார். நான் போய் இங்கிலீஷில் விளக்கினேன். தோட்டத்து ஆட்கள் கெமிஸ்ட்ரிப் படம் வரைந்தார்கள் என்பதை நம்புவதைவிட, கம்யூனிஸ்டு என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்க உத்தரவானது.

அடித்தவர் சின்னராசு அண்ணன். நான் போனபோது, எல்லப்பன் வீட்டுச் சுவருக்கு முன்னால் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையில் கரித்துண்டோடு நின்றிருந்தார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. அண்ணன் ஒரு கோட்டை விரலால் தேய்த்து அழித்தார், வேறு பக்கம் போட்டார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து எல்லாவற்றையும் சேர்த்து அடித்து மறைத்தார். எப்படியும் மறைக்கப் போகிற படத்தில் அண்ணனுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"தப்பா போட்டு வச்சிருந்தான் தம்பி. திருத்தாம எப்படி அடிக்கிறது?"

பிற்பாடு படிப்பை முடித்து, வாத்தியாராகி, பரீட்சைக்குப் பயந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்திவிட்டேன். உயிருக்குப் பயந்தவர்கள் வரைந்த அளவுக்குச் சுத்தமாக ஒருவரும் வரையவில்லை, அதற்காக நான் யாருக்கும் மார்க்கைக் குறைத்ததும் இல்லை.